ஈரம் காயுமுன் லாரியை இறக்காதீர்கள்
மரம் விற்கும் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்



ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரே வகையான ஆலோசனை கேட்டு மூன்று நான்கு பேராவது வருகிறார்கள். மதுராந்தகம் பக்கமோ செய்யூர் பக்கமோ அத்தா விட்டுச்சென்ற இரண்டு ஏக்கரில் சவுக்கு நிற்கும். வியாபாரி முன்பணத்தோடு வந்து, "இப்போதே வெட்டினால் இந்த விலை, தை தாண்டினால் சொல்ல முடியாது" என்பார். வீட்டில் கல்லூரிக் கட்டணமோ நிக்காஹ் செலவோ காத்திருக்கும். விற்பதா, பொறுப்பதா?

விலையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வெட்டிய பிறகு அந்த நிலம் என்ன ஆகும் என்று கேட்டவர் மிகக் குறைவு. மரம் நான்கைந்து ஆண்டில் மறுபடி வளர்ந்துவிடும். மண் அப்படி வளராது. மழை ஊறிய களிநிலத்தில் பாரம் ஏற்றிய லாரி ஒரு வாரம் போய்வந்தால், அடுத்த போகத்து மரமும் அதற்கடுத்த போகத்து மரமும் அந்தத் தடத்தில் குட்டையாகவே நிற்கக்கூடும். இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

மண்ணை வெறும் துகள்களின் குவியலாக நினைக்கிறோம். நல்ல மேல்மண்ணில் ஏறக்குறைய பாதி இடம் வெற்றிடம்தான். அந்தச் சிறுசிறு இடைவெளிகளில் காற்றும் தண்ணீரும் இருக்கின்றன; வேர் அந்த வழியாகத்தான் போகிறது; மண்புழுவும் நுண்ணுயிரும் அங்கேதான் வாழ்கின்றன. சவுக்கின் வேரில் முடிச்சுகள் இருப்பதைப் பிடுங்கிப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் அந்த முடிச்சில் இருக்கின்றன. மண்ணுக்குள் காற்றோட்டம் குறைந்தால் அந்த வேலையும் குறையும்.

காய்ந்த மண் துகளோடு துகள் பிடித்துக்கொண்டு பாரத்தைத் தாங்கும். ஈரமானால் அந்தப் பிடிப்பு தளர்ந்து, பாரம் விழும்போது துகள்கள் வழுக்கி நெருங்கிக்கொள்ளும், இடைவெளி மூடும். இதுதான் மண் இறுக்கம். ஈரம் இன்னும் கூடிச் சேறாகவே இருந்தால் வேறொன்று நடக்கும். தண்ணீர் அமுங்காதல்லவா? ஆகவே மண் பக்கவாட்டில் பிதுங்கும். நடுவில் பள்ளமும் இரு ஓரமும் மேடும் விழும். பிசைந்த மாவைப்போல் அதன் கட்டமைப்பே குலைந்து, காயும்போது ஓடு போலக் கெட்டிப்படும்.

நெல் விவசாயம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நாற்று நடுவதற்கு முன் வேண்டுமென்றே தொளி கலக்குகிறோம். பல ஆண்டு அப்படிச் செய்த வயலில் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே கெட்டியான ஒரு தட்டு உருவாகி, தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கிறது. நெல்லுக்கு அது வசதி. ஆழமாக வேர்விட வேண்டிய மரத்துக்கு அதுவே பெரிய தடை. லாரி நம் தோப்பில் செய்துவிட்டுப் போவது கிட்டத்தட்ட இந்தத் தொளி வேலைதான்; கேட்காமல் செய்கிறது, தவறான இடத்தில் செய்கிறது.

இனி வண்டிகளைப் பார்ப்போம். ஓர் ஆள் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் தரையில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் கால் கிலோ அழுத்தம் விழுகிறது. டயர் வண்டி தரும் அழுத்தம் ஏறக்குறைய அந்த டயரில் அடித்திருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். லாரி டயரில் 100 பவுண்டுக்கு மேல் காற்று அடிப்பார்கள். அது சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவைத் தாண்டும். டிராக்டரின் பெரிய பின்சக்கரத்தில் காற்று குறைவு. அழுத்தம் ஒரு கிலோ அளவில் நிற்கும். நம் பகுதியில் பொக்லைன் என்றும் ஹிட்டாச்சி என்றும் சொல்லும் 20 டன் செயின் வண்டி, பார்க்க மலைபோல் இருந்தாலும், பாரத்தை அகலமான செயினில் பரப்பிவிடுவதால் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகவே அழுத்துகிறது. ஆளைப் பார்த்து எடை போடக்கூடாது என்பது இங்கேயும் பொருந்தும்.

அதற்காகச் செயின் வண்டிக்கு முழு நற்சான்று கொடுத்துவிட முடியாது. நின்ற இடத்திலேயே அது திரும்பும்போது செயின் மேல்மண்ணைக் கீறிப் புரட்டிவிடும். இன்னொரு விஷயம் வாசகர்கள் நினைவில் நிற்க வேண்டும். மேல்மண் எவ்வளவு அமுங்குகிறது என்பதை டயரின் காற்றழுத்தம் முடிவு செய்கிறது. இறுக்கம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை ஓர் அச்சின்மீது உள்ள மொத்தப் பாரம் முடிவு செய்கிறது. நான்கு டயர் உள்ள ஓர் அச்சு தாங்கலாம் என்று சட்டம் அனுமதித்த எடை முன்பு 10.2 டன். 2018இல் அதை 11.5 டன்னாக உயர்த்தினார்கள். அது தார்ச்சாலைக்குச் சொன்ன கணக்கு. ஏரிக்கரை ஓரத்து வயலில் அந்தப் பாரத்தோடு இறங்கினால், மேலே பள்ளத்தை மண்போட்டு மூடினாலும், ஒரு முழத்துக்குக் கீழே இறுகியதை எந்தச் சாதாரண ஏரும் தொடாது.

உலகத்தில் இந்தப் பிரச்சினையோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவர்கள் சதுப்பு நிலத்தில் மரம் வெட்டுகிறவர்கள். பீட் என்று ஒரு மண் உண்டு. முழுதும் மட்காத இலை, வேர், பாசி ஆகியவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீருக்குள் அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டானது. எடையில் பெரும்பகுதி தண்ணீர். நம் நீலகிரி மலையின் பள்ளத்தாக்குகளில் இருக்கிறது; இலங்கையில் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையிலுள்ள முத்துராஜவெல சதுப்பில் இருக்கிறது; மலேசியாவின் சரவாக்கிலும் இந்தோனேசியாவிலும் பரந்து கிடக்கிறது. 1997இலும் 2015இலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வானம் புகையால் மூடியதை அங்கே இருக்கும் நம் உறவினர்கள் சொல்லக் கேட்டிருப்போம். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்ததால் காய்ந்துபோன இந்தோனேசியப் பீட் நிலம் எரிந்ததுதான் அந்தப் புகைக்கு முக்கியக் காரணம்.

பீட் நிலத்தைத் தாங்கிப் பிடிப்பது மேலே பாய்போல் பின்னிக்கிடக்கும் வேர்ப்படலம். அது அறுந்துவிட்டால் வண்டி அப்படியே உள்ளே போகும். சரவாக்கின் சதுப்புக் காடுகளில் இதற்காகப் பழைய முறை ஒன்று இருந்தது. தரையில் கட்டைகளைக் குறுக்காகப் பரப்பித் தடம் போட்டு, அதன்மேல் மரச்சறுக்கு வண்டியில் ஆட்களே தடியை இழுத்து வருவார்கள். குடா-குடா என்று பெயர். மலாய் மொழியில் குடா என்றால் குதிரை. குதிரையின் வேலையை மனிதன் செய்தான் என்பதுதான் அதில் வருத்தம். கடும் உழைப்பு, ஆபத்தும் கூட. ஆனால் பாரம் நேரடியாக மண்ணில் இறங்கவில்லை.

பின்லாந்துக்காரர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, குளிர்காலத்தில் நிலம் உறைந்து பாறைபோல் ஆனபின் வெட்டுவது. மற்றொன்று, வெட்டிய மரத்தின் கிளையும் நுனியும் எதையும் வெளியே கொண்டுபோகாமல் வண்டித் தடத்தில் மெத்தையாகப் பரப்பி, அதன்மேலேயே வண்டியை ஓட்டுவது. இப்போது குளிர்காலம் சுருங்கி உறைபனி நாட்கள் குறைந்து வருவதால் இரண்டாவது வழியை அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது.

நமக்கு உறைபனி இல்லை. வெயில் இருக்கிறது. அவர்களுக்குப் பனி செய்து கொடுப்பதை நமக்குப் பங்குனி, சித்திரை வெயில் இலவசமாகச் செய்து கொடுக்கிறது. அப்படியிருக்க, வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதத்தில் வண்டியை இறக்குவது எதற்கு?

நம் பகுதியிலேயே இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை தெருவுக்குத் தெரு மரம் கிடந்தது. வழியை மறித்தவற்றை அன்றே அகற்ற வேண்டியிருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் தோப்புகளுக்குள் விழுந்து கிடந்த மரத்தையும் அதே வாரத்தில் ஜேசிபி வைத்து இழுத்தார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு மாந்தோப்பில் சக்கரம் பதிந்த இடங்களில் அடுத்த மழைக்கும் தண்ணீர் தேங்கி நின்றது. விழாமல் தப்பிய இரண்டு மரங்கள் அந்தத் தடத்தின் ஓரத்தில் மெல்லப் பட்டுப்போயின. புயல் விட்டுவைத்ததை வண்டி முடித்தது.

அந்தப் புயல் நாளைத் தவிர அந்த ஆண்டு பருவமழை பொய்த்துவிட்டது. 2017 தொடக்கத்தில் ஏரிகளில் தண்ணீர் இல்லை, தரை வெடித்துக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டது. ஊர் ஊராக பொக்லைன் இறங்கியது. அந்த மரத்தை மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். வேரின் தலைப்பகுதியோடு பெயர்க்க வேண்டியிருப்பதால் அதற்கு இயந்திரம் தேவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வறட்சி எல்லோரையும் வாட்டிய ஆண்டு அது. மண்ணின் கோணத்தில் மட்டும் பார்த்தால், ஏரிக்குள் கனரக வண்டி இறங்க அதைவிடப் பொருத்தமான காலம் கிடைத்திருக்காது. சில இடங்களில் பெயர்த்த குழியை மூடாமலும் மேல்மண்ணைக் கட்டையோடு வாரிக்கொண்டும் போனது தனி விஷயம்.

இந்த மரங்களை அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. நம் மஹல்லாவிலோ சொந்த ஊரிலோ இந்த வேலை ஏலத்துக்கு வந்தால், கிராமசபையில் எழுந்து, "எந்த மாதத்தில் இறங்குவீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். ஏரிப் புறம்போக்கில் நிற்கும் மரத்தை நாமாக வெட்டக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எல்லா மண்ணும் ஒரே மாதிரி கெடுவதில்லை, ஒரே மாதிரி தேறுவதும் இல்லை. கோவளம், மாமல்லபுரம் பக்கத்துக் கடலோர மணலில் உள்ள சவுக்குத்தோப்பில் இந்தக் கவலை மிகக் குறைவு; மணல் தண்ணீரை வடித்துவிடும். ஏரி ஆயக்கட்டின் களிமண் ஈரத்தில் மிக எளிதாகக் கெடும். ஆனால் கோடையில் சுருங்கி வெடித்து, மழையில் ஊதி, அந்த வெடிப்புகள் வழியாக ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். காட்டாங்குளத்தூர், மறைமலைநகர் மேட்டுப்பகுதிகளில் உள்ள செம்மண் இருக்கிறதே, அதுதான் ஏமாற்றும். பார்க்கக் கெட்டியாகத் தெரியும், வண்டி சிக்காமல் போய்வரும். ஆனால் அதற்குச் சுருங்கி விரியும் குணம் குறைவு. ஒருமுறை ஆழத்தில் இறுகினால் இறுகினதுதான்.

வண்டி இறங்கலாமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு நாள் வெயிலில் மேலே காய்ந்துவிடும், அடியில் ஈரம் இருக்கும். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்தில் ஒரு பிடி, ஒரு முழ ஆழத்தில் ஒரு பிடி எடுங்கள். உள்ளங்கையில் வைத்து விளக்குத் திரிபோல் உருட்டுங்கள். மெல்லிய திரியாக நீண்டு வந்தால் அந்த மண் பாரத்துக்கு இன்னும் தயாராக இல்லை. உருட்டும்போதே உடைந்து உதிர்ந்தால் வண்டி வரலாம். களிக்கும் செம்மண்ணுக்கும் இது போதும். கடலோர மணல் எப்போதுமே உதிரும் என்பதால் அங்கே இந்தச் சோதனை தேவையில்லை.

இப்போது பணத்துக்கு வருவோம், ஏனென்றால் "பொறுங்கள்" என்று சொல்வது எளிது. சவுக்கு டன் கணக்கில் விற்கிறது. பச்சை மரத்தின் எடையில் பாதியை நெருங்கும் அளவு தண்ணீர்தான். வெட்டிப் போட்டுவிட்டு ஏற்றாமல் வைத்திருந்தால் ஒவ்வொரு நாளும் எடை குறையும், விற்பவருக்கு நட்டம். ஆகவே இப்போது வெட்டிக் கோடையில் ஏற்றலாம் என்ற யோசனையை நாங்கள் சொல்வதில்லை. மரம் நின்றால் எடை போகாது, மூன்று நான்கு மாதத்தில் கொஞ்சம் கூடவும் செய்யும். எனவே டன்னுக்கு இவ்வளவு என்று இப்போதே விலை பேசி, முன்பணம் வாங்கி, மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ வெட்டுவதாக எழுதிக்கொள்வதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரியாக வரும். விலை இறங்கிவிடும் என்ற பயம் இருவருக்கும் பொது. வியாபாரிக்கும் ஏறிவிடும் என்ற பயம் இருக்கிறது; முன்பணத்தோடு அவர் வந்து நிற்பதே அதனால்தான்.

சென்ற ஆண்டு ஒரு சகோதரி இப்படித்தான் எழுதிக்கொண்டு, முன்பணத்தில் மகனுடைய பருவக் கட்டணத்தைக் கட்டினார். முதலில் பேசிய வியாபாரி மறுத்துவிட்டார். அடுத்து வந்தவர் டன்னுக்குச் சிறிது குறைத்து ஒப்புக்கொண்டார். குறைந்த தொகை சிறியதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கன்று நடும் நேரத்தில் தோப்பை உளியடித்துத் திருத்தும் செலவு அவருக்கு வரவில்லை.

பொறுக்கவே முடியாத நிலை சிலருக்கு வரும். அப்போது லாரி வயலுக்குள் வரக்கூடாது. சாலையிலோ கெட்டியான வண்டிப்பாதையிலோ நிற்க வேண்டும். மரத்தை ஆட்கள் சுமந்தோ, டிராக்டர் டிரெய்லரில் பாதி லோடாகவோ அதுவரை கொண்டுவர வேண்டும். டிராக்டருக்கு ஒரே ஒரு தடம். கண்ட இடமெல்லாம் ஓட்டினால் பாரம் பரவி நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. பின்னால் வரப்போகும் இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் ஓரிரு ஓட்டத்திலேயே வந்துவிடுகிறது. பத்துத் தடத்தில் ஒவ்வொரு முறை ஓட்டினால் பத்துத் தடமும் கெடும்; ஒரே தடத்தில் பத்து முறை ஓட்டினால் அந்த ஒரு தடம்தான் கெடும், அதையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். அந்தத் தடத்தில் சவுக்கு மிலாறை ஒரு முழ உயரத்துக்குப் பரப்பிவிடுங்கள். மிலாறும் விறகாக விலைபோகும் பொருள் என்பதால் வியாபாரி முணுமுணுப்பார். அது உங்களுடையதா அவருடையதா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். சீமைக் கருவேலக் கிளையை மட்டும் இப்படிப் போட்டுவிடாதீர்கள். முள் டயரையும் காலையும் பதம் பார்த்துவிடும்.

வரப்பையும் வாய்க்காலையும் தாண்ட ஓர் இடம் குறித்து அங்கே கட்டைகளை அடுக்கிக் கொடுங்கள். சரிவான நிலத்தில் தடம் மேலிருந்து கீழாக நேரே இறங்கினால் அடுத்த மழையில் அதுவே ஓடையாகிவிடும்.

கபரஸ்தான் விஷயத்தை நாங்கள் தனியாக வைக்கிறோம். அங்கே தோண்டி மூடிய மண் என்றுமே பழைய உறுதிக்கு வருவதில்லை. எவ்வளவு வெயில் அடித்தாலும் அது மென்மையான நிலம்தான், பங்குனிக் கணக்கு அங்கே செல்லாது. மேலே அடையாளம் மறைந்துபோன பழைய கபர்களும் உண்டு. புயலில் மரம் விழுந்தால் ஜேசிபியை உள்ளே விடாமல், விழுந்த இடத்திலேயே சிறு துண்டுகளாக அறுத்து, பலகை பரப்பி, ஆட்களைக் கொண்டே வாசலுக்குக் கொண்டுவருவது நம் டிரஸ்ட் பின்பற்றும் முறை. நேரமும் கூலியும் கூடும். ஜமாஅத்தில் யாரும் இதுவரை ஆட்சேபித்ததில்லை. வக்ஃபு நிலத்தில் நிற்கும் மரங்களை விற்பதானால் முதவல்லி தனியாக முடிவெடுக்காமல், வக்ஃபு வாரியத்தின் விதிமுறைகளைப் பார்த்து, ஜமாஅத்தில் வைத்துச் செய்ய வேண்டும். அந்த ஒப்பந்தத்திலும் வண்டி பற்றிய நிபந்தனைகள் இருக்கட்டும்.

ஏற்கெனவே கெட்டுப்போன நிலத்துக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: பள்ளம் ஈரமாக இருக்கும்போது அதை நிரவாதீர்கள், இன்னொரு முறை பிசைவதாகிவிடும். கோடையில் நன்றாகக் காய்ந்தபின் உளிக்கலப்பை போட வேண்டும். அரை மீட்டர் இடைவெளியில், குறுக்கும் நெடுக்குமாக, அரை மீட்டர் ஆழம் வரை உளியடித்து, ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரமோ மட்கிய தென்னை நார்க்கழிவோ இடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஒரு தடத்துக்கு மட்டும் என்றால் உரம் அதற்கேற்பக் குறையும். அதன்பின் தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து விட்டால், உளி திறந்த பிளவு மறுபடி மூடுவதற்குள் அவற்றின் வேர் உள்ளே இறங்கிவிடும். உளிக்கலப்பை வாடகைக்குக் கிடைக்குமா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

வியாபாரியோடு எழுதிக்கொள்ள வேண்டிய வாசகங்களை ஒரு பக்கத்தில் தயார்செய்து வைத்திருக்கிறோம். வெட்டும் மாதம், திரி உருட்டிப் பார்த்தபின்பே வண்டி இறங்கும் என்ற நிபந்தனை, லாரி நிற்கும் இடம், ஒற்றைத் தடம், மழை வந்தால் வேலை நிறுத்தம், அந்த நாட்களுக்கு ஆட்கூலி யார் பொறுப்பு, பள்ளம் விழுந்தால் பிடித்தம் எவ்வளவு ஆகியவை அதில் இருக்கின்றன. கடைசி இரண்டும் வாய்ப்பேச்சில் விடப்பட்டு நம்மிடம் பஞ்சாயத்துக்கு வந்தவை என்பதால் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். நிலத்தின் புலப்பட நகலையும் கொண்டுவந்தால், லாரி எங்கே நிற்கலாம், தடம் எந்த வழியாகப் போகலாம் என்பதை உட்கார்ந்து சேர்ந்தே குறித்துவிடலாம்.